விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

மனிதன் எதற்காக அழுகிறான் என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொல்வார்கள். பசி, பிரிவு, நோய், மரணம், அவமானம். ஆனால் எதற்காகச் சிரிக்கிறான் என்று கேட்டுவிட்டால் ஒரு வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்துவிடும். வாழைப்பழத் தோலில் சறுக்கி விழுகிறவனைத் திரையில் கண்டு பேரப்பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறான். அவனோடு சேர்ந்து அப்புவும் பொக்கை வாய் திறந்து சிரிக்கிறார். நடுவிலிருக்கும் தகப்பனோ, "இதிலே சிரிக்க என்ன கிடக்கு?" என்று முகத்தைச் சுளிக்கிறார். அவருக்குப் பிடித்த பகிடி வேறு. ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொருளை ஒளித்து வைத்து, கேட்டவன் சற்றுக் கழித்து அதைக் கண்டுகொண்டு தனக்குள் சிரிக்க வேண்டும். அதுதான் அவருக்கு நகைச்சுவை.

இது வெறும் இரசனை வேறுபாடு என்றால் இதைப்பற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஒருவருக்கு இடியப்பம் பிடிக்கும், மற்றவருக்குப் பிட்டுப் பிடிக்கும். ஆனால் இந்த இரசனையை நாம் ஒரு தராதரமாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். உடம்பால் செய்யும் பகிடி கீழ்த்தரம், நாவால் செய்யும் பகிடி மேல்தரம். முன்னதற்குச் சிரிப்பவன் பாமரன், பின்னதற்குச் சிரிப்பவன் பண்பாளன். படித்த குடும்பங்களில் இது கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல நிலைத்துவிட்டது. இத்தீர்ப்பு சரியானதா? இரசனையின் தரமும் அறத்தின் தரமும் ஒன்றேதானா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

விழுவதில் என்ன வேடிக்கை?

இலை விழுகிறது, மழை விழுகிறது, மாலையில் சூரியன் விழுகிறது. யாரும் சிரிப்பதில்லை. மனிதன் விழுந்தால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்? ஆங்கில எழுத்தாளர் ஜீ. கே. செஸ்டர்டன் 1908ஆம் ஆண்டு வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதி ஒன்றில் இக்கேள்வியை எழுப்பினார். அவர் கண்ட விடை நம்மில் பலர் எதிர்பாராதது. மனிதன் இரு தன்மைகள் உடையவன். நிமிர்ந்து நடக்கும் மாண்பும் அவனுக்கு உண்டு. கல்லைப்போலக் கீழே விழும் உடம்பும் அவனுக்கு உண்டு. இந்த முரண்பாடு வெளிப்படும் கணத்திலேயே சிரிப்புப் பிறக்கிறது. எனவே தொப்பியின்மேல் தவறி உட்கார்ந்துவிட்ட மனிதனைப் பற்றிய பகிடிகூட, அவர் கருத்துப்படி, இறையியல் சார்ந்த பகிடியே. மாண்பு இல்லாத ஒன்று விழுந்தால் அதில் வேடிக்கை இல்லை.

இந்த முரண்பாட்டை உலகம் முழுவதற்கும் காட்டியவர் சார்ளி சப்ளின். 1889இல் பிறந்து, ஏழு வயதிலேயே இலண்டனில் ஏழைகள் விடுதியில் அடைபட்ட பிள்ளை அவர். பசியைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். 1925இல் வெளிவந்த 'த கோல்ட் றஷ்' என்ற படத்தில் பசி தாங்காமல் தமது சப்பாத்தை அவித்து உண்கிறார். சப்பாத்து நாடாவை நூடில்ஸ்போலச் சுருட்டி வாயில் இடுகிறார். ஆணிகளை எலும்புபோல உறிஞ்சுகிறார். பெரிய விருந்தில் அமர்ந்திருக்கும் கனவானின் மரியாதையோடு இவ்வளவையும் செய்கிறார். நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து முடிந்தபின், பசித்தவனும் மரியாதையோடு உண்ண விரும்புகிறான் என்ற உண்மை நெஞ்சில் தங்கிவிடுகிறது. இதைக் கீழ்த்தரம் என்று எப்படிச் சொல்வது?

உடம்பால் செய்யும் பகிடிக்கு அறிவு தேவையில்லை என்று எண்ணுபவர்கள் பஸ்டர் கீட்டனின் படங்களைப் பார்க்கவேண்டும். 1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்கிறது. மேல்மாடியின் சிறு யன்னல் இருந்த இடம் சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழ, அவர் எதுவும் அறியாதவராய் உயிரோடு நிற்கிறார். அது தந்திரப் படப்பிடிப்பு அன்று, உண்மையான கனத்த சுவர். நின்ற இடம் சில அங்குலம் பிசகியிருந்தால் உயிர் போயிருக்கும். ஒரு நொடிச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு கணக்கும் எவ்வளவு துணிவும் இருந்தன!

உடம்பின் பகிடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதற்கு மொழி தேவையில்லை. பேசும் படங்கள் வந்து சில ஆண்டுகள் கழிந்தபின்பும், 1931இல், சப்ளின் 'சிற்றி லைற்ஸ்' என்ற படத்தை உரையாடல் இன்றியே வெளியிட்டார். எழுத்தறியாத ஆச்சியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அதைப் பார்த்து ஒரே இடத்தில் சிரிக்கலாம். ஏழையையும் கல்லாதவனையும் வாசலில் நிறுத்திவைக்காத சிரிப்பு அது.

சொல்லின் நுட்பம்

அப்படியானால் தகப்பனின் இரசனை வீண் பெருமையா? அதுவும் இல்லை. சொல்லில் பிறக்கும் நகைச்சுவை கேட்பவனை மதிக்கிறது. பாதியைச் சொல்லி மீதியை அவனிடம் விட்டுவிடுகிறது. 'நீயும் அறிவுள்ளவன், கண்டுபிடித்துக்கொள்' என்கிறது. நேரடியாகச் சொன்னால் சண்டையாகும் உண்மையைக்கூட அது புன்னகையோடு ஏற்க வைக்கும்.

எங்கள் மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. சி. சிவஞானசுந்தரம் 'சுந்தர்' என்ற பெயரில் வரைந்த கேலிச்சித்திரங்களையும், 1960களில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையையும் பழைய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சவாரித்தம்பரும் மிஸிஸ் டாமோடிரனும் யாழ்ப்பாணத்துப் போலிக் கௌரவத்தைத் தோலுரித்தார்கள். படித்தவர்கள், 'இது பக்கத்து வீட்டுக்காரர்தான்' என்று சிரித்துவிட்டு, சற்றுக் கழித்து, 'இது நானுந்தானோ' என்று யோசித்தார்கள். 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்து, 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' இன்னொரு வகை. யாழ்ப்பாணத்தான் பேச்சு, முஸ்லிம் வணிகரின் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் என்று பல பேச்சுமுறைகள் அங்கே ஒன்றோடொன்று மோதின. எல்லோருடைய பேச்சும் பகிடிக்கு உள்ளானதால், ஒருவர் பேச்சு மட்டும் இழிவாகவில்லை.

உண்மையில் இவ்விரு சிரிப்பையும் வேலி போட்டுப் பிரிப்பதே கடினம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வரும் நாகேஷை நினைத்துப் பாருங்கள். ஒட்டிய உடம்பு, நடுங்கும் கால்கள், ஏங்கும் கண்கள். கூடவே அம்புபோலப் பாயும் கேள்விகள். அங்கே உடம்பு எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது?

பழைய அறிஞர்களின் அளவுகோல்

எங்கள் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையையே முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும் தருகிறது. கவனியுங்கள். உடம்பால் பிறக்கும் நகை, சொல்லால் பிறக்கும் நகை என்று தொல்காப்பியர் பிரிக்கவில்லை. சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையே பார்த்தார். எள்ளல் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கமும் நோக்கத்தக்கது. தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும் உண்டு. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரித்துக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம்!

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் நகைச்சுவை உணர்வை ஒரு நற்பண்பாகவே கணித்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பு மூட்ட அலையும் கோமாளி ஒரு பக்கம். தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாத முரடன் மறுபக்கம். நடுவில் நிற்பவனே பண்புள்ளவன். பச்சையாகப் பேசுவதைவிடக் குறிப்பால் உணர்த்துவது சிறந்தது என்பதும் அவர் கருத்தே. எனவே மேலே சொன்ன தகப்பனுக்கு நல்ல சாட்சி கிடைத்துவிட்டது எனலாம். ஆனால் கோமாளியிடம் அவர் கண்ட குறையையும் மறக்கக்கூடாது. சிரிப்பு ஒன்றே குறியாக இருப்பதால், பகிடிக்கு ஆளானவனுக்கு நோகுமே என்பதைக் கோமாளி எண்ணுவதில்லை. நாவன்மை மிக்கவனும் இக்குறைக்கு ஆளாகலாம்.

அவரைப் பின்தொடர்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், உடம்புக்கு ஓய்வு எப்படியோ உள்ளத்துக்கு விளையாட்டும் பகிடியும் அப்படியே என்று எழுதினார். எப்போதும் நாணேற்றிய வில் முறிந்துபோகும் என்ற பழைய கதையையும் எடுத்துக்காட்டினார். பகிடியே இல்லாத சிடுமூஞ்சித்தனத்தைக் குறை என்றே சொன்னார். கூடவே சில எச்சரிக்கைகளும் தந்தார். அவற்றில் முதலாவது, இழிவானதும் தீங்கு செய்வதுமான சொல்லிலோ செயலிலோ இன்பம் தேடக்கூடாது என்பது. சொல்லிலோ, செயலிலோ! இரண்டையும் ஒரே தராசில் வைத்தார். ஒருவனை வெட்கித் தலைகுனியச் செய்வதற்காகவே பரிகசிப்பதைத் தனிப் பாவமாக எடுத்து ஆராய்ந்த அவர், பரிகசிக்கப்படுபவர் எவ்வளவு மதிப்புக்குரியவரோ அந்த அளவுக்கு அப்பாவமும் கனமானது என்றார்.

ஒரு கொடிய சொல்

எமது நாட்டுத் தமிழில் ஒரு சொல் உண்டு. 'பகிடிவதை.' பகிடியையும் வதையையும் ஒரே சொல்லாக ஒட்டிவிட்டோம். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளையை முழந்தாளில் நடக்கவிடுவார்கள், தவளைபோலத் தாவவிடுவார்கள், இழிந்த சொற்களைச் சொல்லவைப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு உள்ளான ஒரு தமிழ் மாணவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998இல், 20ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் பாராளுமன்றம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்பும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை.

இதைச் செய்கிறவர்கள் யார்? காடையர்கள் அல்லர். உயர்தரப் பரீட்சையில் சிறந்த புள்ளிகள் பெற்றவர்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். பிடிபட்டால் அவர்கள் சொல்லும் நியாயம், "பகிடிக்குத்தான் செய்தோம்" என்பது. அவர்களுக்கு நுட்பமான இரசனை இல்லை என்று சொல்லித் தப்பமுடியாது. நாவால் குத்தும் வித்தையும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரசனை உயர்ந்தால் நெஞ்சம் தானாக உயரும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது.

இந்தப் பாடத்தை அவர்கள் எங்கே படித்தார்கள் என்பதையும் நாம் கேட்கவேண்டும். திக்கிப் பேசும் பிள்ளையைப்போலப் பேசிக்காட்டி விருந்தினரைச் சிரிக்கவைக்கும் மாமா எங்கள் வீடுகளில் இல்லையா? கணக்கில் குறைந்த புள்ளி எடுத்த மகனை எல்லோர் முன்னிலையிலும் ஒரு அழகான சிலேடையால் குத்திவிட்டு, தமது சொல்வன்மையைத் தாமே இரசிக்கும் தகப்பன் இல்லையா? கறுப்பு, கட்டை, நொண்டி என்று உடம்பின் குறையையே பெயராக வைத்து, அந்தப் பெயர் கல்லறை வரைக்கும் தொடரும்படி செய்யும் ஊர்கள் இல்லையா? கதிரையை இழுத்து ஒருவனை விழுத்தினால், "என்ன காட்டுமிராண்டித்தனம்!" என்று பதறுகிறோம். சொல்லால் விழுத்தினால், "என்ன கெட்டிக்காரன்!" என்று மெச்சுகிறோம். கதிரையிலிருந்து விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். சொல்லால் விழுந்த பிள்ளை நாற்பது வயதிலும் அந்த வார்த்தையை மறப்பதில்லை. விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி நோகும் என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார்.

முகத்தைப் பார்

பிரான்சிய மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900ஆம் ஆண்டு சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சிரிப்பதற்கு இதயம் ஒரு கணம் மரத்துப்போகவேண்டும் என்பது அதில் அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. இரக்கம் முழுமையாக விழித்திருந்தால் யார் விழுந்தாலும் சிரிப்பு வராது. இது சரியானால், அறத்தின் கேள்வி இதுதான்: அந்த மரப்பு எவ்வளவு நேரம் நீடிக்கலாம்?

இதற்கு விடை தருபவள் தாய். நடை பழகும் குழந்தை தொப்பென்று விழுகிறது. தாய் உடனே சிரிப்பதில்லை. முதலில் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். குழந்தை சிரித்தால் அவளும் சிரிக்கிறாள். உதடு பிதுங்கினால் ஓடிவந்து தூக்குகிறாள். எந்த மெய்யியல் நூலையும் படிக்காமலே அவள் கடைப்பிடிக்கும் சட்டம் இது. விழுந்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரி.

இச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. சப்ளினும் கீட்டனும் எங்களுக்காகத் தாங்களே விரும்பி விழுந்தார்கள். அவர்கள் முகம் எங்களை அழைக்கிறது; தாராளமாகச் சிரிக்கலாம். தெருவில் தவறி விழுந்த ஒரு முதியவரைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிறார்களே, அது வேறு. அவர் எங்களைச் சிரிக்கச் சொல்லவில்லை. படம் எடுத்த கை, தூக்கிவிட வேண்டிய கை. 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்ட யாழ்ப்பாணத்தானும் முஸ்லிமும் தத்தம் வீட்டிலிருந்தே சிரிக்க முடிந்தது. ஆனால் வகுப்பறையில் தன் பேச்சுமுறைக்காகக் கேலிசெய்யப்படும் மலையகப் பிள்ளையின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இயேசுவின் பாடுகளில் இவ்விரு வகைச் சிரிப்பும் ஒரே நாளில் வருகின்றன. போர்வீரர்கள் அவருக்குச் செவ்வாடை உடுத்தி, முள்முடி சூட்டி, முழந்தாளிட்டு வணங்கிக் கேலி நாடகம் ஆடினார்கள். அது உடம்பால் செய்த பகிடி. கற்றறிந்த மறைநூல் வல்லுநரோ கைநீட்டவில்லை. சிலுவையடியில் நின்று, பிறரைக் காப்பாற்றியவருக்குத் தம்மைக் காப்பாற்ற முடியவில்லையே என்று நயமாகப் பேசினார்கள். அது சொல்லால் செய்த பகிடி. இரசனையில் இவர்கள் இரு தரத்தினர். செய்த கொடுமையில் ஒரே தரத்தினர். இன்னொன்றையும் கவனியுங்கள். முந்திய இரவு அவரை அடித்து, அடித்தவன் யார் என்று கேட்டு விளையாடியவர்கள் முதலில் செய்த வேலை அவர் முகத்தை மூடியது.

இரண்டு தாடிகள்

நல்ல சிரிப்புக்கும் இரு வகையிலும் சாட்சிகள் உண்டு. இங்கிலாந்தின் தோமஸ் மூர் சொல்நயத்தில் பேர்பெற்றவர். 1535ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி கொலைமேடைக்கு ஏறும்போது, அந்தப் படிகள் ஆட்டம் கண்டிருந்தன. ஏறுவதற்குத்தான் உதவி வேண்டும், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருள்பட அருகில் நின்ற அதிகாரியிடம் சொன்னாராம். பின்பு வெட்டுக்கட்டையில் தலைவைத்தபோது தமது தாடியை ஒதுக்கிவிட்டு, அது இராசத்துரோகம் செய்யவில்லையே என்றாராம். அதே நூற்றாண்டில் றோமாபுரியில் வாழ்ந்த பிலிப்பு நேரி வேறு விதமானவர். மக்கள் தம்மைப் புனிதர் என்று போற்றத் தொடங்கியதும் தாடியில் பாதியை மட்டும் சவரம் செய்துகொண்டு எல்லோர் முன்னிலையிலும் வலம்வந்தார்.

ஒருவர் சொல்லால் சிரிக்கவைத்தார். மற்றவர் உடம்பால் சிரிக்கவைத்தார். இருவரும் பகிடிக்கு எடுத்துக்கொண்டது தங்கள் சொந்தத் தாடியை. அந்தச் சிரிப்புக்கான விலையை வேறு எவரும் கொடுக்கவில்லை. கொலைமேடையில் நின்ற அதிகாரிகூடச் சற்று மனம் இலேசாகியிருப்பார்.

ஆகவே, அப்புவும் பேரனும் விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கட்டும். தகப்பன் தமது சிலேடையை இரசிக்கட்டும். இரசனைக்காக வீட்டில் எவரும் எவரையும் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. நுட்பமான நகைச்சுவையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நல்லதுதான்; மொழி வளரும், சிந்தனை கூர்மையாகும். ஆனால் அதற்கு முன்பே பழக்கவேண்டியது வேறொன்று உண்டு. பெற்றோரே, இன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பகிடி எழும்போது பேச்சு எப்படிப் போகிறது என்பதை மட்டும் கவனியாதீர்கள். அந்தப் பகிடிக்கு ஆளான பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவனும் சிரிக்கிறானா? அவனுடைய சிரிப்பு கண்வரைக்கும் போகிறதா, உதட்டோடு நின்றுவிடுகிறதா? நீங்கள் பார்ப்பதைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் பார்க்கப் பழகுவார்கள். அப்படிப் பழகிய பிள்ளை நாளை பல்கலைக்கழக வாசலில் புதிதாக வந்த ஒருவனைச் சுற்றி நின்று மற்றவர்கள் சிரிக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்கும். பார்த்தபின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நிற்கும்.